டென்னிஸ் எல்போ: ஊசியும் கத்தியும் இல்லாத வைத்தியங்கள் - ஓர் ஒப்பீடு

(ஒற்றசேகரமங்கலத்தில் நடந்த உபசபைக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு டாக்டர் வந்து பேசினார். இந்தத் தடவை டாக்டர் யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நோயாளியையே பேசச் சொல்லிவிட்டார் காரியதரிசி. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, கேரள அரசின் எடை அளவுத் துறையில் வேலை பார்த்து, 2006-ல் 55 வயதில் ஓய்வு பெற்றவன். கடைக்காரர் தராசைத் தூக்கிக் காட்டினால் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தில், என் முழங்கைக்கு வந்த வைத்தியங்களையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

வலி வந்த கதை

2016-ஆம் வருஷம். ஒரு நாள் கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டது. மெக்கானிக் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வாளியால் நானே தண்ணீர் இறைத்தேன். 65 வயதிலும் என்னால் முடிகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையோடு ஜன்னல் கம்பிகளை உப்புக் காகிதத்தால் தேய்த்துப் பெயிண்டும் அடித்தேன். பத்து நாள் கழித்து ஒரு கார்த்தால, டபராவைத் தூக்கிக் காப்பியை ஆற்றப் போனேன். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுரீரென்று ஒரு வலி. காப்பி வேஷ்டியில் கொட்டியது.

பிறகு ஒவ்வொன்றாக முடியாமல் போயிற்று. பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, ஈர வேஷ்டியைப் பிழிய முடியவில்லை. எதிரில் வந்தவர் கை குலுக்க வந்தால் நான் அவசரமாகக் கும்பிடு போட்டேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு வயசுப் பேரன் "தாத்தா, தூக்கு" என்று கையை நீட்டினான். தூக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

இது என்ன வியாதி?

பெயர் டென்னிஸ் எல்போ. நம் உபசபையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த வலி வந்தவர்கள் இந்த ஹாலிலேயே பலர் உண்டு. 1873-ல் ருங்கே என்ற ஜெர்மன் வைத்தியர் இதைப் பற்றி முதலில் எழுதியபோது எழுத்து வேலையோடு சேர்த்துத்தான் எழுதினார். 1882-ல் ஹென்றி மாரிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 'லான் டென்னிஸ் கை' என்று எழுதினார். அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. குமாஸ்தாவுக்கு வந்த வியாதி, கனவான்களின் விளையாட்டுப் பெயரோடு உலகம் சுற்றுகிறது.

உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மணிக்கட்டை மேலே தூக்கிப் பாருங்கள். முன்கையின் மேல்புறத்தில் தசைகள் இறுகும். இந்தத் தசைகள் எல்லாம் முழங்கையின் வெளிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறிய எலும்பு முடிச்சில் வந்து தசைநாணாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிலையாக வைப்பவை இவைதான். ஆகவே பிடிப்பது, பிழிவது, முறுக்குவது எல்லாவற்றின் பாரமும் அந்தச் சின்ன இடத்தில் போய் விழுகிறது. நடு வயசில், சுமார் 35-லிருந்து 55-க்குள், இது அதிகம். பெரியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு இருக்கிறது என்பது கணக்கு.

இதை வெகு காலம் அழற்சி என்றே நினைத்தார்கள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் நிர்ஷல் என்ற எலும்பு அறுவை நிபுணர், அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் அழற்சிக்கான அணுக்கள் இல்லை, தசைநாணின் இழைகள்தான் ஒழுங்கு குலைந்து நைந்து கிடக்கின்றன என்று காட்டினார். பழைய தாம்புக் கயிறு நடுவில் பிரிந்து நிற்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமும் விளங்கும். வீக்கத்தை அடக்கும் மருந்து நைந்த கயிற்றைத் திரித்துக் கொடுக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, நடுவிரலை மட்டும் நிமிர்த்துங்கள். இன்னொருவர் அந்த விரலைக் கீழே அழுத்தட்டும், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இதுதான். அல்லது ஒரு நாற்காலியின் முதுகைக் கவிழ்ந்த கையால் பிடித்துத் தூக்குங்கள், வலிக்கும். அதையே உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்கினால் வலி குறைவாக இருக்கும்.

ஆனால் எல்லா முழங்கை வலியும் இது இல்லை. விரல் மரத்துப் போனாலும், கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், மூட்டு வீங்கிச் சுட்டாலும், ஜுரம் இருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும், கை பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும், வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நடந்தால் இடது கை வலித்து, நின்றால் விடுகிறது என்றால் அது முழங்கை விஷயமே இல்லை, இருதயத்தைப் பார்க்க வேண்டிய விஷயம்.

நான் செய்த தப்பு

எனக்குப் பொறுமை இல்லை. பேரன் ஊருக்குத் திரும்புவதற்குள் குணமாக வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நாலாம் நாள் வலி ஓடியே போய்விட்டது. பேரனைத் தூக்கினேன், வாழைக்குலையைத் தூக்கினேன், தோட்டத்தில் மண்வெட்டியும் பிடித்தேன். இரண்டு மாசம் கழித்து வலி திரும்பி வந்தது. முன்னைவிட அதிகமாக வந்தது. இரண்டாவது ஊசிக்குப் போகும் முன்தான், இத்தனை காலம் பிறர் தராசைச் சோதித்தவன் இதைச் சோதிக்கவில்லையே என்று உறைத்தது. பிள்ளையிடம் சொல்லி ஆராய்ச்சிக் கட்டுரைகளை வரவழைத்துப் படித்தேன்.

2002-ல் நெதர்லாந்தில் 185 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி. மூன்றாவது பிரிவுக்கு விசேஷமாக எதுவும் இல்லை, கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள் என்ற யோசனை மட்டும். 6 வாரத்தில் ஊசிக்காரர்களில் 92 சதவீதம் பேருக்கு நல்ல குணம். பிசியோதெரபியில் 47 சதவீதம், சும்மா இருந்தவர்களில் 32 சதவீதம். இதோடு நிறுத்தினால் ஊசிக்குத்தான் முதல் பரிசு. ஆனால் ஒரு வருஷம் கழித்து எண்ணினார்கள். ஊசி 69, பிசியோதெரபி 91, சும்மா இருந்தவர்கள் 83. தராசு அப்படியே கவிழ்ந்துவிட்டது!

2006-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரிடம் நடந்த ஆராய்ச்சியிலும் இதே கதைதான். ஊசி போட்டு முன்னேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்தது. 2013-ல் அங்கேயே 165 பேரிடம் இன்னும் கண்டிப்பாகச் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பியது மருந்து ஊசியில் 54 சதவீதம், வெறும் ஊசியில் 12 சதவீதம். அந்த 54-இல் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டேஷன்களைத் திறப்போம்

சர்க்கார் ஆபீஸில் ஒரு மேஜை வாங்குவதென்றாலும் கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோம். அதே மாதிரி, ஊசியும் கத்தியும் இல்லாத வைத்தியங்கள் ஒவ்வொன்றிடமும் நாலு கேள்வி கேட்டேன். என்ன செலவு? எத்தனை நாள் நிற்கும்? என்ன ருசு? என்ன கெடுதல்?

முதலாவது, பாரத்தைக் குறைப்பது. செலவு இல்லை. முழு ஓய்வு என்று கையைத் தூளி கட்டித் தொங்கவிடுவது தப்பு. தசை இன்னும் பலம் இழக்கும். வலிக்கும் வேலையை மாற்றிச் செய்வதுதான் சரி. பாத்திரத்தையும் பையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி, முழங்கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். இரண்டு கையாலும் தூக்குங்கள். ஈரத்துணியைப் பிழியாமல் கொடியில் அப்படியே போட்டால் வானம் இடிந்து விழாது. மற்ற எல்லா வைத்தியத்துக்கும் இதுதான் அஸ்திவாரம்.

இரண்டாவது, ஐஸ், வெந்நீர் ஒத்தடம், பொடிக்கிழி, எண்ணெய். நம் ஊர்ப்பக்கம் வர்ம ஆசான்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நிறைந்த இடம். இதமான சூட்டில் எண்ணெய் தடவிக் கிழி வைத்தால் சுகமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அந்தச் சுகம் சில மணி நேரம். கெடுதல் இல்லை. ஆனால் வலிக்கும் எலும்பு முடிச்சின் மேலேயே விரலால் அழுத்தி நீவச் சொல்லாதீர்கள். எனக்கு அப்படி நீவிய மறுநாள் வலி கூடத்தான் செய்தது.

மூன்றாவது, மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல். குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு. அதே வகை மாத்திரைகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. நம் வயசில் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாதவர் குறைவு. டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

நாலாவது, முன்கைப் பட்டை. முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே, தசையின் மேல் கட்டும் சின்ன பெல்ட். பலர் வலிக்கும் முடிச்சின் மேலேயே கட்டிக்கொள்கிறார்கள், அது தவறு. 2004-ல் நெதர்லாந்தில் 180 பேரிடம் பட்டையையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். 6 வாரத்தில் வலி குறைவதில் பிசியோதெரபி மேல். அன்றாட வேலை செய்வதில் பட்டை மேல். ஆறு மாசத்துக்கு அப்புறம் வித்தியாசம் இல்லை. ஆகவே வேலை செய்தே தீர வேண்டியவர்களுக்குப் பட்டை நல்ல துணை. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது, மின்சார யந்திரங்கள். அல்ட்ராசவுண்ட், லேசர், டென்ஸ், அதிர்வலை என்று நாலைந்து. பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். அதிர்வலையைப் பற்றி 2005-ல் 9 ஆராய்ச்சிகளை, மொத்தம் 1006 நோயாளிகளை, ஒன்றுசேர்த்து அலசியதில் பலன் மிகச் சொற்பம் அல்லது இல்லை என்று தெரிந்தது. டென்ஸ் என்ற மின்துடிப்பு யந்திரத்தை 2013-ல் இங்கிலாந்தில் சோதித்தபோது சாதாரண கவனிப்பைவிட அதிக லாபம் இல்லை. அல்ட்ராசவுண்டுக்கு ருசு பலவீனம். லேசரில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குச் சற்று நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன, மற்றவற்றில் இல்லை. செலவோ இவற்றில்தான் அதிகம்.

ஆறாவது, உடற்பயிற்சி. செலவு ஒரு தண்ணீர் பாட்டில். தசைநாணுக்கு அளவான பாரம் கொடுத்தால்தான் அது பலப்படும் என்பது இதன் தத்துவம். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சொன்ன 2013 ஆராய்ச்சியில், ஒரு வருஷ முடிவில் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியின் லாபம் ஆரம்ப வாரங்களில் தெரிகிறது. பேரன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவான் என்றால் அந்தச் சில வாரமும் லாபம்தானே?

செய்யும் முறை

முன்கையை மேஜை மேல் கவிழ்த்து வையுங்கள். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுமார் அரை கிலோ, முத்திரையிட்ட எடைக்கல் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் மணிக்கட்டை நேராக வைத்து 30 விநாடி அசையாமல் பிடிப்பது, நாலைந்து தடவை. அதற்கு அப்புறம், மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்குவது. 15 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும். மொத்தம் மூன்று சுற்று, தினம் ஒரு வேளை. சுலபமானால் எடையைக் கூட்டலாம். பத்துக்கு மூன்று நாலு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். தணியவில்லை என்றால் எடையைக் குறையுங்கள். முதல் மாசத்தில் பலன் தெரியாமலும் போகலாம். 6 முதல் 12 வாரம் கணக்கு வையுங்கள். முடிந்தால் ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐந்தாவது வாரத்தில் சாவி திரும்பியது. மூன்றாவது மாசம் காப்பி ஆற்றினேன்.

இரண்டு பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்

முதலாமவர், எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். நான் மேஜையில் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சாமி, இதே வலி எனக்கு ரெண்டு வருஷமா உண்டு" என்றார். விடியுமுன் எழுந்து முந்நூறு மரம் வெட்டும் கை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது வலி குறையும். வெட்டு தொடங்கினால் திரும்ப வரும். நான் புஸ்தகத்தில் படித்தபடி, "ஓய்வு கொடும்" என்றேன். "கை நின்னா அடுப்பும் நிக்கும் சாமி" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. பென்ஷன்காரனுக்குச் சொல்லும் வைத்தியம் கூலிக்காரருக்கு ஆகாது.

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். மழுங்கிய கத்திக்குப் பலம் அதிகம் வேண்டும். ஆகவே தினமும் தீட்டுவது. கைப்பிடி ஒல்லியாக இருந்தால் பிடி இறுகும். சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினார். ஒரு பெரிய வாளிக்குப் பதில் இரண்டு சின்ன வாளி, இரண்டு கையிலும். வேலை நேரத்தில் பட்டை, சாயங்காலம் பாட்டில் பயிற்சி. நாலு மாசத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் ஒரு நாள் கூலியும் போகவில்லை.

இரண்டாமவர், என் ஆத்துக்காரி. பால் வெட்டுபவரிடம் நடுவிரல் சோதனை செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, மோர் கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள். "ஏன்னா, எனக்கும் கொஞ்சம் பாருங்கோளேன்" என்று விரலை நீட்டினாள். அழுத்தினேன். 'அம்மா' என்று கையை இழுத்துக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "உங்க கிணத்து மோட்டாருக்கு முன்னாடியே" என்றாள். தேங்காய் துருவுவது, மாவு வழிப்பது, நான் பிழிய முடியாமல் போட்ட வேஷ்டியைச் சேர்த்துப் பிழிந்தது எல்லாம் அந்தக் கைதான். எனக்கு வலித்தால் ஆஸ்பத்திரி. அவளுக்கு வலித்தால் ஒரு சொட்டு அமிர்தாஞ்சன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா துருவறது யாரு?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் பதில் இல்லை. அன்றிலிருந்து தேங்காய் துருவுவது நான், இடது கையால் ஆரம்பித்து இப்போது இரண்டு கையாலும். துணி பிழிவது வாஷிங் மெஷின்.

கத்தி எப்போது?

அறுவையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சச்சின் டெண்டுல்கருக்கு 2004-ல் இந்த வலி வந்து, 2005 மே மாசம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே வருஷம் அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன் எடுத்துத் திரும்பி வந்தார். ஆனால் அது தினமும் கனமான மட்டையைச் சுழற்ற வேண்டிய கை. நம்மைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். ஆறு மாசம், ஒரு வருஷம் ஒழுங்காகப் பார்த்தும் குறையாதவர்களுக்குத்தான் அந்த யோசனை.

ஆகவே என் ஒப்பீட்டுப் பட்டியலின் முடிவு இது. பாரத்தைக் குறையுங்கள், பாட்டிலைத் தூக்குங்கள், வேலைக்குப் பட்டை, வலிக்கு ஒத்தடமோ ஜெல்லோ, பிறகு பொறுமை. எந்த வைத்தியம் வந்தாலும், ஆறு வாரக் கணக்கை மட்டும் காட்டினால், ஒரு வருஷக் கணக்கையும் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் ஆத்தில் யார் அதிகம் துருவுகிறார்களோ, பிழிகிறார்களோ, அவர்களுடைய நடுவிரலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

 சமையல் தயாராகிவிட்டதாகக் காரியதரிசி ஜாடை காட்டுகிறார். பாயசப் பாத்திரத்தைத் தூக்குகிறவர்கள் தயவுசெய்து இரண்டு கையாலும் தூக்கவும்.